சீட்டுக்குப் பதிலாகப் பத்து கிலோ

விமானத்தின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். நான் போய்வந்த காலத்தில் அது சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் இருந்தது. நாலரை வருடமாக, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மலேசியாவின் சுபாங் விமான நிலையத்திலிருந்து மெட்ராஸுக்கும் மெட்ராஸிலிருந்து சுபாங்குக்கும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். பணிப்பெண் உள்ளே நுழையும்போது ஒரு விநாடி அது விலகும். மஞ்சள் வெளிச்சம் தெரியும். ஒரு கண்ணாடிக் குவளை, சாய்ந்து கிடக்கும் ஒரு தலை, யாரோ ஒருவருடைய முழங்கை. அப்புறம் மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து, துணி அலசிக்கொண்டிருக்கும்போது, அந்த முழங்கை ஞாபகத்துக்கு வரும். எவ்வளவு கவலை இல்லாத முழங்கை என்று நினைத்துக்கொள்வேன்.

நான் அப்படிப் பிறக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கும் இடம்வரை போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மாவும் அப்பாவும் ரப்பர்த் தோட்டத்தில் களை வெட்டுவது போன்ற வெளிக்காட்டு வேலைக்குப் போனதால் கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான். பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். கல்யாணமாகி கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு தோட்டத்துக்கு வந்தேன். டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாயிடம் சேலை எடுத்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயங்களுக்குக் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தேன். பாயின் குடும்பம் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்தது. நான் மெட்ராஸ் போறப்ப நீயும் கூட வந்து நேரா சரக்கு எடேன் தங்கச்சி என்று அவர்தான் ஒரு நாள் சொன்னார். முதல் தடவை அவர் மனைவியும் வந்ததால் என் வீட்டுக்காரர் சம்மதித்தார். அப்படித் தொடங்கியதுதான்.

ஆகாயத்தில் எனக்கு ஒரே ஒரு வேலை. விழித்திருப்பது. நான் கண்ணை மூடினால் விமானம் விழுந்துவிடும் என்று தோன்றும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் நாலு மணி நேரமும் இறக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் பாய் வாயைத் திறந்து தூங்குவார். இந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவதற்கு நான் இங்கே விமானத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேனே என்று இருக்கும். கொஞ்சம் கோபமும் வரும்.

கிள்ளானில் எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டு ஒரு நாள் என்னிடம் கையெழுத்து வாங்கி ஒரு விண்ணப்பப் பாரத்தை அனுப்பிவைத்தார். அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனி ஏதாவது கொடுக்கும் என்றார். எதையாவது எடுத்துக்கொள்வார்களோ என்று நான் பயந்தேன். பல மாதம் கழித்துத் தோட்ட ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு நீள உறை வந்தது. ஆபீஸ் குமாஸ்தாவை நாங்கள் கிராணி என்போம். அவர்தான் பிரித்தார். ஓரத்தில் தங்கக் கோடு ஓடிய கெட்டித் தாள். நடுவில் என் பெயர் டைப் அடித்திருந்தது. என் பெயரை அவ்வளவு நல்ல தாளில் நான் பார்த்ததே இல்லை.

“சாதா டிக்கெட் எடுத்தாப் போதும். இந்தத் தாளக் காட்டினா மேல் வகுப்புல உக்கார வைப்பாங்களாம். ஒரு தடவதான், ஒரு வழிக்குதான்” என்றார் கிராணி.

கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அதெல்லாம் வழக்கமாகப் போடுவதுதான் என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “முன்னால உக்காந்தா முன்னாடியே வந்து சேந்துருவியா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம், யார் வீட்டுக்கு வந்தாலும் இதையே சொல்லிச் சிரித்தார்.

நான் தாளை அரிசி டின்னுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த மஞ்சள் வெளிச்சம் டின்னுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் சீட்டைவிட வேறொன்றுதான் என் மனதில் ஓடியது. எங்களைப் போல சரக்குக்காகப் பறக்கிறவர்களுக்கு உலகம் கிலோவால் ஆனது. சாதா டிக்கெட்டுக்கு இருபது கிலோ. முன்னால் உட்காருகிறவர்களுக்கு முப்பது. இதை மெட்ராஸ் போய்வருகிற எல்லாருமே அறிவார்கள். அப்படியானால் இந்தத் தாளுக்குள் பத்து கிலோ இருக்கிறது. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சலங்கை விஷயம் வந்தது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கிள்ளானிலிருந்து ஒரு இளம் டீச்சர் வந்திருந்தார். பள்ளி முடிந்ததும் எட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சிமெண்டுத் தரையில் நடனம் சொல்லிக்கொடுப்பார். அந்த எட்டில் என் மகளும் ஒருத்தி. பத்து வயது. அதற்கு முந்தின வருடம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் நடனப் போட்டிக்குப் போனார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் காலில் சலங்கை இருந்தது, எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடினார்கள். ஆடி இறங்கியபோது வேறு பள்ளிப் பெண் ஒருத்தி இது ஊமை டான்ஸ் என்று சொல்லியிருக்கிறாள். என் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வருடம் தலைமையாசிரியர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: சலங்கை இருந்தால் போவோம், இல்லாவிட்டால் போய் அவமானப்பட வேண்டாம். கோலாலம்பூரில் விலை இரண்டு மடங்கு. அதுவும் பெரியவர்கள் காலுக்குத்தான் இருந்ததாம்.

என் மகள் என்னைக் கேட்கவே இல்லை. வகுப்பில் எழுந்து நின்று, எங்கம்மா பிளேன்ல போறவங்க, கொண்டாந்துருவாங்க என்று சொல்லிவிட்டாள். மறுநாள் டீச்சர் பெற்றோர்கள் சேர்த்த பணத்தோடும் எட்டு நூல்களோடும் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு நூலும் ஒரு பிள்ளையின் கணுக்கால் அளவு. சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டிருந்தார்.

“முடியாதுன்னா சொல்லிருங்கக்கா. பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

எட்டு ஜோடி சலங்கை என்றால் பித்தளை மணியும் தோலுமாகப் பத்து கிலோ வரும். என் இருபது கிலோ தீபாவளிச் சேலைகளுக்கே போதாது. வேறு எந்த மாதமாக இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கதவுக்குப் பின்னால் மகளின் நிழல் அசையாமல் நின்றது. அரிசி டின்னை நினைத்துக்கொண்டேன். கொண்டுவருகிறேன் டீச்சர் என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு தைரியமாக ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

மெட்ராஸில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மண்ணடியில் வழக்கமான லாட்ஜ். லாட்ஜ்காரருக்கு எங்கள் பக்கத்து மீன்பிடி ஊரான பாசிர் பெனம்பாங்கில் வாங்கிய காய்ந்த இறால் கொண்டுபோய்க் கொடுத்தேன், வழக்கம்போல. சௌகார்பேட்டையில் சேலைகள் எடுத்தேன். மயிலாப்பூரில் ஒரு சின்னக் கடையில் சலங்கை. கடைக்காரர் நூல்களை ஒவ்வொன்றாக மேசையில் வட்டம் வட்டமாக வைத்தார். எட்டு வட்டம். எட்டுப் பிள்ளைகள் மேசைமேல் நிற்பது போல எனக்குத் தோன்றியது. என் மகளுடையது எது என்று பார்த்தவுடனே தெரிந்தது. எல்லாவற்றிலும் சின்னது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மவுண்ட் ரோட்டில் இருந்த விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் புன்னகையோடு என் டிக்கெட்டில் ஒரு பச்சை ஒட்டுத்தாள் ஒட்டினாள். முன் வரிசை, சன்னலோரம். அப்போது நான் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும். கிலோ எவ்வளவு என்று. நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ, கேட்காமல் இருந்தால் இருக்கும் என்று விட்டுவிடுவார்களோ என்று யோசித்தேன். கவலைப்படுகிறவர்கள் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நாங்கள் எல்லாவற்றையும் மனதுக்குள்தான் கேட்போம். வாயால் ஒன்றும் கேட்கமாட்டோம்.

அன்றைக்கு விமானம் காலையில். மீனம்பாக்கத்தில் முன் வகுப்புக்கென்று தனி வரிசை, அதில் ஆளே இல்லை. தரையில் ஒரு சிவப்பு விரிப்பு வேறு. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் நடந்தேன். தராசில் பெட்டிகளை வைத்தார்கள். முப்பது. கவுண்டரில் இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்தார், ஒட்டுத்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பத்து கிலோ அதிகம்மா.”

“முன் சீட்டு சார்” என்றேன்.

“சீட்டு முன்னாடிதான். வெயிட்டு உங்க டிக்கெட்டுக்கு என்னவோ அதுதான். தாள்லயே போட்டிருக்குமே.”

பொடி எழுத்துப் பத்தி என் கண்முன்னால் வந்து நின்றது. அதிகக் கிலோவுக்கு அவர் சொன்ன தொகை என்னிடம் இல்லை. சேலையைக் கழித்துவிட்டுப் போனால் தீபாவளிக்குச் சொல்லிவைத்தவர்கள் இனிமேல் என்னிடம் வாங்கமாட்டார்கள். சலங்கையைக் கழித்துவிட்டுப் போனால். அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற நிழல்தான் தெரிந்தது.

“சார், நான் பின்னாலயே உக்காந்துக்கிறேன். எனக்கு அந்த சீட்டு வேணாம். சீட்டுக்குப் பதிலா பத்து கிலோ குடுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டார். “ஏம்மா, ரேஷன் கடையா இது? அரிசி வேணாம், கோதுமை குடுன்னு கேக்கற மாதிரி கேக்கறீங்க.”

பக்கத்து வரிசையில் நின்ற பாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெட்டியும் இருபதுக்கு மேல் முள் நகர இடமில்லாமல்தான் இருந்தது. அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, பெட்டிக்குள் இருந்த சலங்கை மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“தங்கச்சி, தராசு பெட்டியதான் நிறுக்கும். ஆள நிறுக்காது. இது கால்ல கட்டுற சாமான்தான?”

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

கைப்பையில் இருந்த மாற்றுத்துணி, ஊறுகாய், வாடிக்கையாளர்களுக்கு வாங்கிய நாள்காட்டிகள் எல்லாவற்றையும் எடுத்தேன். ஊறுகாயைப் பாய் வாங்கிக்கொண்டார். மற்றதை அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஐந்து ஜோடி கைப்பைக்குள் திணித்ததில் பை வெடிக்கிற மாதிரி ஆனது. பெட்டிகள் தராசில் இருபதுக்கு வந்தன. மிச்சம் மூன்று ஜோடி. பெண்கள் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, பூட்டினேனா என்று இரண்டு தடவை பார்த்து, ஒவ்வொரு காலிலும் மூன்று சலங்கை கட்டினேன். கணுக்காலில் ஒன்று, அதற்குமேல் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. பிள்ளைகள் அளவு என்பதால் தோல் சுற்றி எட்டவில்லை. நூல்கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன். மணிகளுக்கு இடையில் கைக்குட்டையைக் கிழித்துத் திணித்தேன். சேலையை இறக்கிவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு அடி எடுத்து வைத்ததும் அம்மன் ஊர்வலம் வருகிற மாதிரிச் சத்தம்.

சோதனை செய்கிற இடத்தில் திரை போட்ட சின்ன அறை. உள்ளே பெண் போலீஸ் ஒருவர். கையில் வைத்திருந்த கருவியை என் இடுப்புக்குக் கீழே கொண்டுபோனார், அது கத்தத் தொடங்கியது. நான் சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினேன். அவர் முழங்காலிட்டு ஆறு சலங்கையையும் பார்த்தார்.

“எங்க ஆடப் போறீங்க?”

“நான் இல்ல மேடம். பிள்ளைங்க. ஸ்கூல்ல.”

“அப்ப நீங்க எதுக்குக் கட்டியிருக்கீங்க?”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து மிச்சச் சலங்கைகளைக் காட்டினேன். கிலோ, தாள், ஒட்டுத்தாள் என்று ஏதேதோ சொன்னேன். அவர் ஒவ்வொரு சலங்கையையும் தடவிப் பார்த்தார், தோலை மடித்துப் பார்த்தார். நான் ஜெயில் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, “ஒரு அடவு போட்டுட்டுப் போங்க” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் நிஜமாகவே ஒரு காலைத் தூக்கினேன். அப்புறம்தான் அவர் சிரித்தார். போங்க போங்க என்று கையால் தள்ளிவிட்டார்.

அப்படித்தான் நான் திரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே எல்லாமே மெத்தென்று இருந்தது. வெளிச்சம்கூட. காலுக்குக் கீழே கம்பளம், பேச்சுக்குக் கீழே இன்னொரு கம்பளம் விரித்திருப்பது போல எல்லாரும் தணிந்து பேசினார்கள். அந்த அமைதிக்குள் நான் ஜல் ஜல் என்று நடந்துபோனேன். நாலைந்து தலைகள் திரும்பின. கால் தரையில் உரசாமல் வைத்தால் சத்தம் குறையுமென்று தூக்கித் தூக்கி வைத்தேன். அது இன்னும் மோசம். சன்னலோரத்து நாற்காலி என் வீட்டுக் கட்டில் அளவுக்கு இருந்தது. உட்கார்ந்ததும் முடிவு செய்தேன்: சுபாங் வரைக்கும் காலை அசைக்கக்கூடாது.

பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர். செய்தித்தாளை அகலமாக விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். பணிப்பெண் வந்து மலாயில் அக்கா என்று கூப்பிட்டு, சூடான ஈரத் துண்டு ஒன்றைத் தட்டில் நீட்டினாள். அது எதற்கென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். பெரியவர் முகம் துடைப்பதைப் பார்த்து நானும் துடைத்தேன். எலுமிச்சை வாசனை. ஆரஞ்சுச் சாறு நிஜக் கண்ணாடிக் குவளையில் வந்தது. உடைந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். என் முழங்கையைப் பார்த்தேன். அது நாற்காலியின் கைமேல் கிடந்தது. இப்போது திரை விலகினால் பின்னால் இருக்கிற யாருக்காவது இது தெரியும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் அசையும். அடக்கிக்கொண்டேன்.

மேலே ஏறியதும் கீழே மேகம் பரவியது. ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றித் தட்டில் வைத்தால் ஒரு கட்டத்தில் அது பாலாகவும் இருக்காது, கட்டியாகவும் இருக்காது. விரலால் தொட்டால் சுருங்கும். அப்படி ஒரு மேகம். அதன்மேல் எங்கள் விமானத்தின் நிழல் ஒரு சின்னப் பூச்சி போல ஊர்ந்து வந்தது. நான் வழக்கம்போல விழித்திருந்தேன். இறக்கை இங்கிருந்து பின்னால் தெரிந்தது. கழுத்தைத் திருப்பினால்தான் பார்க்கமுடியும். திருப்பினால் உடம்பு அசையும், மணி அசையும். எனவே இறக்கையைப் பார்க்கவில்லை. நாலரை வருடத்தில் முதல் தடவையாக இறக்கையை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. இன்றைக்கும் எந்த இடத்தில் விழிப்பு முடிந்து தூக்கம் தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. மேகத்தின்மேல் ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் இலை உதிர்த்த மரங்கள். கிளைக்குக் கிளை வெள்ளை வானம். நான் வாளியோடு நடந்துபோகிறேன். ஒவ்வொரு கோப்பையிலும் பால் சொட்டும்போது மணிச் சத்தம் கேட்கிறது. சொட்டுக்கு ஒரு மணி. எட்டுப் பிள்ளைகள் மரங்களுக்கு நடுவே தரையில் கால் படாமல் போகிறார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தூங்கிவிட்டேன், எனவே விமானம் விழுந்துகொண்டிருக்கிறது என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு இலை விழுகிற மாதிரித்தான் அது விழுந்தது. இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, அவசரமே இல்லாமல். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்தது. மணிச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

கண்ணைத் திறந்தேன். விமானம் நிஜமாகவே குலுங்கிக்கொண்டிருந்தது. இருக்கைப் பட்டை விளக்கு எரிந்தது. திணித்திருந்த கைக்குட்டைத் துண்டுகள் எப்போதோ நழுவி விழுந்திருந்தன. விமானம் ஒரு தடவை இறங்கி ஏறும்போது என் இரண்டு காலும் சேர்ந்து ஒலித்தன. காற்று தடதடவென்று அடிக்கும்போது மணிகளும் வேகமாக. கொஞ்சம் நின்று, மறுபடியும். நான் அசையவே இல்லை. வானம் தன் இஷ்டத்துக்கு என் காலை வைத்து ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தேன்.

சீனப் பெரியவர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்திருந்தார். என்ன சத்தம் இது என்று மலாயில் கேட்டார். பிள்ளைகள் நடனமாடுவதற்கு மணி, காலில் கட்டிக்கொண்டு வருகிறேன், மன்னிக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் முகம் வெளுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், நரம்பு தெரிகிற அளவுக்கு.

“பிடிக்காதே. விட்டுவிடு” என்றார் மலாயில். “இது கேட்டால் மற்றது கேட்கவில்லை.”

நான் முழங்காலிலிருந்து கையை எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கொஞ்ச நேரம், எவ்வளவு நேரம் என்று தெரியாது, அந்த மெத்தென்ற அறைக்குள் சலங்கை மட்டும் கேட்டது. பணிப்பெண் தன் இருக்கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கியிருந்தேன், விமானம் விழவில்லை. இந்தச் செய்தியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

சுபாங்கில் இறங்கியபோது பாய் பின்னாலிருந்து வேகமாக வந்து சேர்ந்துகொண்டார். திரைக்குப் பின்னால் எல்லாருக்கும் கேட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாளாம். நான் ஒண்ணும் சொல்லலைலா, கும்பிட்டா கும்பிடட்டும்னு விட்டுட்டேன் என்றார். சுங்க அதிகாரி கைப்பையைத் திறந்து ஒரு சலங்கையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார், போகலாம் என்று தலையாட்டினார். அவருக்குக் கேட்ட சத்தத்தில் பாதி மேசைக்குக் கீழே இருந்து வந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.

கழட்டலாம் என்று கழிப்பறைக்குப் போனால் முடிச்சு அவிழவில்லை. கால் வீங்கிக் கயிறு உள்ளே போயிருந்தது. கத்தரிக்கோல் இல்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்துச் சாமானை வெட்ட மனம் வந்திருக்காது. கிள்ளான்வரை டாக்சி, அங்கிருந்து கோலசிலாங்கூருக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். எல்லாவற்றிலும் அப்படியே. சாயங்கால வெயிலில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் இறங்கி, இரண்டு பெட்டியையும் கைப்பையையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். லயத்து நாய்கள் குரைத்தன. வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சைக்கிளை நிறுத்திவிட்டு, காளியம்மா வந்துட்டாங்கடா என்று சொன்னது எனக்கே கேட்டது.

மகள் ஓடிவந்தாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏம்மா இப்படி வர்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க.” குரல் அழுகையில் இருந்தது. ஒரு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் தலையைக் குனிந்தபடி வேகமாக நடந்தாள். நான் வேகமாகப் போனால் சத்தம் கூடும் என்று மெதுவாகப் போனேன். என் மகள் எனக்காக வெட்கப்பட்டுப் பத்தடி முன்னால் போனதை அந்த ரோடு முழுக்கப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர்தான் தேங்காய் எண்ணெய் தடவி, ஆணி ஒன்றை முடிச்சுக்குள் விட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அரைமணி நேரம் ஆனது. அந்தப் பழைய கேலியை அன்றைக்குச் சொல்லவில்லை. மகள் ஓரமாக நின்று பார்த்தாள்.

போட்டி சனிக்கிழமை. பள்ளி மண்டபத்தில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் பிள்ளைகள் மேடைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. இத்தனை மாதம் சத்தமில்லாமல் பழகிய கால்கள். இரண்டு நாளாகத்தான் மணி கட்டி ஆடியிருக்கிறார்கள். முதல் அடியில் தங்கள் சத்தத்துக்கே தாங்கள் மிரண்டது கேட்டது. பிறகு எட்டும் மெல்ல ஒன்றானது. ஒரு ஜோடி மட்டும் மயிரிழை பிந்தி வந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் பரிசு. டீச்சர் அழுதார். வெளியே மரத்தடியில் பிள்ளைகள் வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து நின்றார்கள். நான் ஒதுங்கி நின்றேன்; என்னோடு நடப்பதற்கு இன்னும் கூச்சப்படுவாளோ என்று பயம். உயரமான ஒரு பெண் என் மகளின் காலைச் சுட்டிக்காட்டி, புதுசா, எங்கே வாங்கினீங்க என்று கேட்டாள்.

“மெட்ராஸ்ல. எங்கம்மா கால்ல கட்டிக்கிட்டே பிளேன்ல கொண்டாந்தாங்க. ஒரு கால்ல மூணு.”

“பொய்லா.”

“பொய்யா?” என் மகள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். “மா, இங்க வாங்க. கால இவகிட்ட காட்டுங்க.”

அவ்வளவு பேர் இருந்தார்கள். தலைமையாசிரியர்கூட அந்தப் பக்கம்தான் நின்றார். நான் போய்ச் சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினேன். கயிறு பதிந்த கோடுகள் இன்னும் ஆறவில்லை. என் மகள் குனிந்து அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தப் பெண்ணுக்கு எண்ணிக் காட்டினாள்.